எவ்வளவு குடுப்பாங்க?

கலித்தொகையின் பாலைக்கலியில் ஒரு பாட்டைப் பதினேழு ஆண்டுகளாக வகுப்பில் நடத்திவருகிறேன். காதலனோடு போய்விட்ட மகளைத் தேடிச் செவிலித்தாய் சுரத்து வழியே நடக்கிறாள். எதிரே வரும் அந்தணர்களிடம், இப்படி இருவரைப் பார்த்தீர்களா என்று கேட்கிறாள். பார்த்தோம் என்கிறார்கள் அவர்கள். பிறகு ஆறுதல் சொல்லத் தொடங்குகிறார்கள். சந்தனம் மலையில்தான் பிறக்கிறது, ஆனால் மலைக்கு அதனால் பயனில்லை, பூசிக்கொள்பவருக்கே பயன். கடலில் பிறந்த முத்துக்கும் யாழில் பிறந்த இசைக்கும் அதே கதை. உன் மகளும் அப்படித்தான், தேடாதே, அவள் போனது அறவழி என்று முடிக்கிறார்கள். பாட்டும் அங்கேயே முடிகிறது. செவிலி என்ன மறுமொழி சொன்னாள் என்று பாட்டில் இல்லை.

இந்தப் பாட்டை நடத்தும்போதெல்லாம் உடன்போக்கின் துணிச்சலைத்தான் நான் பேசியிருக்கிறேன். தன் வாழ்க்கையைத் தானே தேர்ந்துகொண்டு வீட்டைவிட்டு வெளியேறும் ஒரு பெண். ஊர் அலரைப் பொருட்படுத்தாத ஒரு பெண். முன்வரிசையில் உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளின் கண்கள் விரியும். செவிலியை அந்த வெளியேற்றத்துக்குக் குறுக்கே நிற்கும் ஒரு பழைய ஆளாக மட்டுமே நான் வாசித்திருந்தேன்.

சென்ற ஆண்டு எங்கள் கல்லூரிக் கால்பந்து அணியில் லெஃப்ட் விங்கில் ஆடும் மூன்றாமாண்டு மாணவி ஒருத்தி என்னிடம் வந்தாள். வெளிமாநிலத்துக் கிளப் ஒன்றிலிருந்து அவளுக்கு அழைப்பு வந்திருந்தது. வாட்ஸாப்பில் வந்த ஒரு பக்கக் கடிதம் அது. தங்குமிடம் உண்டு, சாப்பாடு உண்டு, நல்ல பயிற்சி உண்டு, இது அரிய வாய்ப்பு என்று இருந்தது. அம்மா விடமாட்டேன் என்கிறார், நீங்கள் வந்து பேசுங்கள் மேம் என்றாள்.

போனேன். அவள் அம்மா திருப்பூர் பனியன் கம்பெனி ஒன்றில் செக்கிங் வேலை பார்ப்பவர். ஷிப்ட் முடிந்து வந்து எனக்குக் காபி போட்டுக் கொடுத்துவிட்டு எதிரே உட்கார்ந்தார். பெண்கள் வெளியே போவதன் அவசியத்தைப் பற்றி அரைமணி நேரம் பேசினேன். அவர் கடைசிவரை கேட்டார். பிறகு ஒன்றே ஒன்று கேட்டார்: "எவ்வளவு குடுப்பாங்க டீச்சர்?"

எனக்கு முகம் சுருங்கிவிட்டது. மகளின் கனவைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கிறேன், இவர் காசைப் பற்றிக் கேட்கிறாரே என்று நினைத்தேன். "பணம் முக்கியமில்லைங்க, இது ஒரு வாய்ப்பு" என்றேன். "வாய்ப்புன்னா சம்பளம் இல்லைன்னு அர்த்தமுங்களா?" என்றார்.

அன்று என்னிடம் பதில் இல்லை. அந்தக் கேள்வியோடு, சின்னக் கிளப்பிலிருந்து பெரிய கிளப்புக்குப் போகும் இளம் ஆட்டக்காரர்களின் கதைகளைத் திரும்பப் பார்க்கத் தொடங்கினேன்.

முதலில் இரண்டு திரைப்படங்கள். 2005இல் வந்த 'கோல்!' படத்தில் சாந்தியாகோ முனியேஸ் லாஸ் ஏஞ்சலிஸில் அப்பாவோடு தோட்டவேலை செய்யும் மெக்சிக்கோக் குடியேறி. அப்பா ஆட்டத்தை நம்புவதில்லை. மகன் சேர்த்த பணத்தை எடுத்து டிரக் வாங்கிவிடுகிறார். பாட்டி பயணச்சீட்டு வாங்கித் தருகிறார். பையன் இங்கிலாந்தின் நியூகாசில் யுனைடெட்டுக்குப் போகிறான். 2007இல் வந்த இரண்டாம் பாகத்தில் ரியல் மாட்ரிட் அவனை எடுத்துக்கொள்கிறது. சம்பளம், கார், பெரிய வீடு என்று எல்லாம் வருகின்றன. செவிலியாக வேலை பார்க்கும் அவன் காதலிக்கு நியூகாசிலும் மாட்ரிட்டும் என்று இரண்டு ஊரும் பாரமாகின்றன.

2002இல் குரிந்தர் சத்தா எடுத்த 'பெண்ட் இட் லைக் பெக்கம்' படத்தில் ஜெஸ் லண்டனில் வளரும் பஞ்சாபிப் பெண். அக்கா கல்யாணத்தன்று இறுதிப் போட்டி. அப்பா மனமிரங்கி அனுப்புகிறார். ஆட்டத்தைப் பார்க்க வந்த அமெரிக்கர் ஜெஸ்ஸுக்கும் அவள் தோழி ஜூல்ஸுக்கும் கலிஃபோர்னியாவின் சாண்டா கிளாரா பல்கலைக்கழகத்தில் உதவித்தொகையோடு இடம் தருகிறார். விமான நிலையத்தில் படம் முடிகிறது.

என் தலைமுறைப் பெண்களுக்கு இரண்டாவது படம் பிடித்திருந்தது, எனக்கும்தான். ஆனால் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஒன்று புரிகிறது. முனியேஸின் கதை 'எங்கே ஒப்பந்தம் கிடைக்கும்' என்ற கேள்வியில் ஓடுகிறது. ஜெஸ்ஸின் கதை 'யார் அனுமதி தருவார்' என்ற கேள்வியில் ஓடுகிறது. அப்பா சரி என்று சொன்னதும் அவள் கதை நிறைவடைந்துவிடுகிறது. அங்கே போய் என்ன சம்பாதிப்பாள், படிப்பு முடிந்ததும் எந்த அணியில் ஆடுவாள் என்று படம் கேட்பதில்லை. கேட்டிருந்தால் பதில் கடினமானது. ஜூல்ஸ் கனவு காணும் அமெரிக்கத் தொழில்முறை மகளிர் லீக் 2001இல் தொடங்கி 2003இல் மூடப்பட்டது. அடுத்த லீக் 2009இல்தான் வந்தது. நான்காண்டுப் படிப்பை முடித்து அந்தப் பெண்கள் வெளியே வரும்போது அங்கே ஆட லீக்கே இருந்திருக்காது. இங்கிலாந்திலும் மகளிர் சூப்பர் லீக் 2011இல்தான் தொடங்கியது. அது முழுநேரத் தொழில்முறை லீக்காக மாறியது 2018இல்.

தமிழில் வந்த 'பிகில்' (2019) படமும் இதே வழியில்தான் போகிறது. அங்கே ஆண் பயிற்சியாளர் வீடுவீடாகப் போய், கல்யாணத்தாலும் அமில வீச்சாலும் ஆட்டத்தைவிட்டு விலகிய பெண்களைத் திரும்ப அழைத்துவருகிறார். மறுபடியும் அனுமதியின் கதைதான். கோப்பை கிடைத்ததும் படம் முடிகிறது. சம்பளச் சீட்டு கண்ணில் படவில்லை.

தமிழ் படித்தவளுக்கு இது புதிதாக இருந்திருக்கக் கூடாது. நம் அகமரபு பிரிவை இப்படித்தான் பங்கிட்டிருக்கிறது. ஆண் வீட்டைவிட்டுப் போவது பொருள்வயிற் பிரிவு. பெண் வீட்டைவிட்டுப் போவது உடன்போக்கு. அவன் பொருளுக்காகப் போகிறான், அவள் அன்புக்காகப் போகிறாள். கடல் கடந்து போவது பெண்ணோடு இல்லை என்று தொல்காப்பியம் விதியே வைத்திருக்கிறது. விளையாட்டைப் பற்றிய இன்றைய கதைகளும் அந்த இலக்கணத்தை மீறவில்லை. பையன் ஒப்பந்தத்துக்காகப் போகிறான், பெண் 'ஆட்டத்தின் மீதுள்ள காதலால்' போகிறாள். காதலுக்காகப் போகிறவளிடம் சம்பளம் பேசுவது அநாகரிகம். நான் அந்த அம்மாவின் முன் முகம் சுளித்ததும் இந்த அநாகரிக உணர்வால்தான்.

நம் மொழியும் துணைநிற்கிறது. இன்ன கிளப் இன்ன வீரரை இத்தனை கோடிக்கு வாங்கியது, விற்றது, கடனுக்குக் கொடுத்தது என்று விளையாட்டுப் பக்கத்தில் படிக்கிறோம். 2017இல் நெய்மாரை 22.2 கோடி யூரோ கொடுத்துப் பாரிஸ் அணி பார்சலோனாவிடமிருந்து எடுத்தபோது அந்தத் தொகை அவருக்குக் கிரீடமானது. ஒரு பெண்ணின் பெயரோடு 'விலை' என்ற சொல்லைச் சேர்த்துப் பாருங்கள். விலைமகள், விலைபோனவள். பெண்ணுக்கு மரியாதையான ஒரு விலையைச் சொல்ல நம்மிடம் சொல் இல்லை. பெண்ணை உயர்த்திப் பேச வேண்டுமானால் 'விலைமதிப்பற்றவள்' என்போம். அடுக்களையில் அந்தச் சொல்லுக்குச் சம்பளமில்லாதவள் என்றுதான் பொருள். வளர்த்த வீடே பணமும் நகையும் கொடுத்துத் தன் ஆட்டக்காரியைப் பெரிய இடத்துக்கு அனுப்பிவைக்கும் டிரான்ஸ்ஃபர் ஒன்று நம்மிடம் உண்டு. அதற்குக் கல்யாணம் என்று பெயர்.

2000ஆம் ஆண்டு டிசம்பர் 14 அன்று பார்சலோனா கிளப்பின் பொறுப்பாளர் ஒருவர், அர்ஜென்டினாவிலிருந்து வந்திருந்த 13 வயதுப் பையனை எடுத்துக்கொள்வதாக ஒரு காகிதக் கைத்துடைப்பானில் எழுதிக் கையெழுத்திட்டார். பையன் லியோனல் மெஸ்ஸி. அந்தத் துடைப்பான் 2024 மே மாதம் 7,62,400 பவுண்டுக்கு ஏலம் போனது. அதே ஆண்டு பிப்ரவரியில் சாம்பியாவின் ரேச்சல் குண்டனாஞ்சியை மாட்ரிட்டின் ஓர் அணியிலிருந்து அமெரிக்காவின் பே எஃப்.சி. எடுத்திருந்தது. செய்திகள் சொன்ன கட்டணம் சுமார் 6,85,000 பவுண்டு. அன்று பெண்கள் கால்பந்தில் அதுதான் உலகச் சாதனை. ஒரு பையனின் பெயர் எழுதிய துடைப்பான், அதுவரை எந்தப் பெண் ஆட்டக்காரிக்கும் கொடுக்கப்பட்ட தொகையைவிட அதிக விலைக்குப் போனது.

குண்டனாஞ்சி வந்த வழியைப் பாருங்கள். சாம்பியாவிலிருந்து கசகஸ்தான், அங்கிருந்து ஸ்பெயினில் எய்பார், பிறகு மாட்ரிட், பிறகு கலிஃபோர்னியா. நம் ஊர்ப் பெண்களின் வழியும் இப்படிச் சுற்றுவழிதான். மனிஷா கல்யாண் பஞ்சாபில் பிறந்தவர். 2018-19இல் இந்திய மகளிர் லீக்கை வென்ற மதுரையின் சேது எஃப்.சி.யில் ஆடினார். பிறகு கோகுலம் கேரளா. 2022இல் சைப்ரஸின் அப்போலன் அணிக்குப் போய் ஐரோப்பிய மகளிர் சாம்பியன்ஸ் லீகில் ஆடிய முதல் இந்தியரானார். அங்கிருந்து கிரீஸ். மணிப்பூரின் பாலா தேவி 2020 ஜனவரியில் கிளாஸ்கோவின் ரேஞ்சர்ஸ் அணியோடு 18 மாத ஒப்பந்தம் செய்தபோது அவருக்கு முப்பது வயது நெருங்கியிருந்தது. அதுவரை மணிப்பூர் காவல்துறைக்கு ஆடியவர். பையன்களின் உலகில் 13 வயதில் கைத்துடைப்பான். பெண்களின் உலகில் முப்பதில் முதல் வெளிநாட்டு ஒப்பந்தம். நடுவே காவல்துறையும் ரயில்வேயும்தான் நம் பெண்களுக்குப் பெரிய கிளப். மாதச் சம்பளம் தரும் கிளப் என்பதால் அவற்றை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன்.

கொலம்பியாவின் லிண்டா கைசேடோ இளவயதிலேயே பெரிய கிளப்புக்குப் போனவர். 14 வயதில் அமெரிக்கா டி காலி அணியின் முதல்நிலை ஆட்டத்தில் இறங்கினார். 15 வயதில் சினைப்பைப் புற்றுநோய் கண்டு, சிகிச்சை முடித்துத் திரும்ப வந்தார். அடுத்து டெபோர்ட்டிவோ காலி. 2022இல் நவி மும்பையில் நடந்த 17 வயதுக்குட்பட்டோர் உலகக் கோப்பை இறுதியில் ஆடினார். பதினெட்டு வயதாகாதவரைச் சில விலக்குகள் தவிர நாடுவிட்டு நாடு எடுக்கக் கூடாது என்பது ஃபிஃபாவின் விதி. 2023 பிப்ரவரி 22 அன்று அவருக்கு 18 நிறைந்தது. இரண்டு நாளில் ரியல் மாட்ரிட் அவரை அறிவித்தது. முனியேஸுக்குக் கற்பனையில் கிடைத்த அதே கிளப்.

இங்கேதான் பாலைக்கலிப் பாட்டு எனக்குத் திரும்பவும் நினைவுக்கு வந்தது. ஆண்கள் கால்பந்தில் அந்தணர்களின் வாதம் செல்லாது. மலைக்கும் பங்கு உண்டு என்று ஃபிஃபா எழுதிவைத்திருக்கிறது. ஒரு பையன் முதல் தொழில்முறை ஒப்பந்தம் போட்டாலோ, 23 வயதுக்குள் வேறு நாட்டுக் கிளப்புக்குப் போனாலோ, அவனைப் பன்னிரண்டு வயதிலிருந்து வளர்த்த கிளப்புகளுக்குப் பயிற்சி இழப்பீடு தரவேண்டும். பெண்கள் கால்பந்துக்கு இந்த ஏற்பாடு பொருந்தாது என்று அதே விதிநூலில் ஒரு வரி இருக்கிறது. கைசேடோ போனபோதும் அந்த வரி இருந்தது. இன்னொரு ஏற்பாட்டின்படி, கட்டணம் கொடுத்து எடுக்கும்போது அதில் 5 சதவீதம் வளர்த்த கிளப்புகளுக்குப் பிரியும். இது பெண்களுக்கும் உண்டு. ஆனால் பெண்களில் மிகப் பெரும்பாலோர் ஒப்பந்தம் முடிந்து கட்டணமில்லாமல்தான் மாறுகிறார்கள். பூஜ்ஜியத்தில் 5 சதவீதம் பூஜ்ஜியம். 2023இல் நாடுவிட்டு நாடு மாறிய ஆண்களுக்காகக் கிளப்புகள் கொடுத்த மொத்தக் கட்டணம் 963 கோடி டாலர். பெண்களுக்காக 61 லட்சம் டாலர்.

பெண்களுக்கு அந்த விலக்கு ஏன் என்று கேட்டால் ஒரு நியாயம் சொல்வார்கள். பெண்கள் கிளப்புகளிடம் பணமில்லை. இழப்பீடு கேட்டால் யாரும் அந்தப் பெண்ணை எடுக்க மாட்டார்கள், அவள் கதவு அடைபடும். இதை நான் தள்ளிவிட மாட்டேன். விலை என்பது விலங்காகவும் மாறும். 1995இல் போஸ்மன் தீர்ப்பு வரும்வரை, ஒப்பந்தம் முடிந்த வீரரைக்கூடக் கட்டணம் கேட்டு ஐரோப்பியக் கிளப்புகள் பிடித்துவைத்தன. ஒரு மனுஷியின் உடலுக்குச் சந்தையில் தொகை குறிப்பதைப் பெண்ணியம் சந்தேகத்தோடுதான் பார்க்க வேண்டும். ஆனால் அந்தப் பெண்ணின் சுதந்திரத்துக்கான செலவை இப்போது ஏற்பது யார்? பத்து வயதுப் பெண்பிள்ளைகளுக்குப் பந்தும் ஷூவும் வாங்கிக் கொடுத்த சின்னக் கிளப். ஒருத்தி போனால் அடுத்த பத்துப் பேருக்கு வாங்க அதனிடம் காசில்லை. பெரிய கிளப்பிடம் கேட்கக் கூச்சப்பட்டு, இல்லாதவரிடம் தியாகம் கேட்கும் ஏற்பாடு அது. சந்தனத்தால் மலைக்குப் பயனில்லாமல் போவது இயற்கையல்ல. அப்படி யாரோ விதி எழுதியிருக்கிறார்கள்.

மலை என்பது கிளப் மட்டுமல்ல. மெஸ்ஸியின் குடும்பம் பார்சலோனா போன சில மாதங்களில், அப்பா பையனோடு தங்க, அம்மா மற்றப் பிள்ளைகளோடு ரோசாரியோவுக்குத் திரும்பினார். முனியேஸுக்குப் பயணச்சீட்டு வாங்கித் தந்தது பாட்டி. காலை ஐந்து மணிக்கு எழுப்பிவிட்டது, ஜெர்சி துவைத்தது, முட்டை அவித்துக் கொடுத்தது எல்லாம் எந்த விதிநூலிலும் பயிற்சிச் செலவாக வராது, பையனுக்கானாலும் பெண்ணுக்கானாலும். நான் பேசப்போன வீட்டில், கால்பந்து ஷூ வாங்க அந்த அம்மா கம்பெனியில் முன்பணம் எடுத்திருந்தார். அதைப் பிறகுதான் என் மாணவி சொன்னாள். அவர் மகளின் வழியை மறிக்கவில்லை. ஒப்பந்தத்தை வாசித்துக்கொண்டிருந்தார். அந்த வீட்டில் அதைச் செய்தவர் அவர் ஒருவர்தான். முனைவர் பட்டம் வாங்கிய நான் அந்தணர்கள் சொன்னதைச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

இரண்டாம் முறை போனபோது மூவரும் சேர்ந்து கிளப்புக்கு ஒரு கடிதம் எழுதினோம். மாதம் எவ்வளவு? எத்தனை மாதத்துக்கு? அடிபட்டால் மருத்துவச் செலவு யாருடையது? பரீட்சைக்கு வந்துபோக ரயில் கட்டணம் உண்டா? இடையில் வேறு அணி கூப்பிட்டால் போகலாமா? ஐந்து கேள்விகள். எட்டு நாள் கழித்து மூன்றுக்குப் பதில் வந்தது. தொகை அம்மாவின் செக்கிங் சம்பளத்தைவிடக் குறைவு, அதுவும் லீக் நடக்கும் மாதங்களுக்கு மட்டும். ரயில் கட்டணம் உண்டு. அடிபட்டால் 'பார்த்துக்கொள்வோம்' என்றிருந்தது.

"பாத்துக்கறோம்ங்கறத எழுதித் தரச் சொல்லுங்க டீச்சர்" என்றார் அம்மா.

மறுபடி எழுதினோம். இந்த முறை வந்த தாளில் கையெழுத்தும் முத்திரையும் இருந்தன. அவர் அதை எழுத்துக்கூட்டி இரண்டு தடவை படித்து, ரேஷன் கார்டு வைக்கும் பையில் வைத்துவிட்டு, மகளுக்குப் பெட்டி எடுத்துக் கொடுத்தார்.

இந்த ஆண்டும் பாலைக்கலிப் பாட்டை நடத்தினேன். செவிலியிடமிருந்துதான் தொடங்கினேன். படிக்கும் பெண்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். 'வெளிநாட்டுக் கிளப்புக்குப் போன முதல் பெண்' என்று செய்தி வந்தால் மகிழுங்கள், கைதட்டுங்கள். கையோடு, எவ்வளவு, எத்தனை மாதம், அடிபட்டால் யார், வளர்த்தவருக்கு என்ன என்றும் கேளுங்கள்.